யார் யாரைச் சந்தித்தார், என்ன பேசினார்: ஐரோப்பிய ஆணையத்தின் ஆவணச் சேவை எப்படி?

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான, பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஆணையத்தின் பெரிய அதிகாரிகள் எந்தத் தொழில் சங்கத்தை, எந்த நிறுவனத்தை, எந்தத் தேதியில் சந்தித்தார்கள் என்பதை உலகின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம். அந்தச் சந்திப்பில் என்ன பேசினார்கள் என்ற காகிதத்தையும் கேட்டு வாங்கலாம். கட்டணம் இல்லை. காரணம் சொல்ல வேண்டாம். ஐரோப்பியக் குடிமகனாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இந்த இரண்டில் முதலாவது ஒழுங்காக நடக்கிறது. இரண்டாவது, எதை எப்படிக் கேட்பது என்று தெரிந்தவருக்கு மட்டும் நடக்கிறது. மற்றவருக்குக் கருப்பு மை பூசிய பத்துப் பக்கமும், 'அப்படி ஓர் ஆவணம் எங்களிடம் இல்லை' என்ற கடிதமும்தான் மிஞ்சும்.

நம் ஊரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சேவையின் அமைப்பு சட்டென்று பிடிபடும். பழக்கதோஷத்தில் அதே மாதிரி கேட்டால் காரியம் கெடும் இடங்களும் உண்டு. அவற்றை அங்கங்கே சொல்கிறோம்.

சேவை ஒன்று அல்ல, மூன்று. லாபி அமைப்புகள், அதாவது சட்டத்தையும் கொள்கையையும் தங்கள் பக்கம் திருப்ப முயலும் சங்கங்களும் நிறுவனங்களும், தங்களைப் பதிவு செய்துகொள்ளும் வெளிப்படைத்தன்மைப் பதிவேடு. ஆணையர்களும் உயர் அதிகாரிகளும் வெளியிடும் சந்திப்புப் பட்டியல். ஆவணம் கேட்டு மனுப் போடும் 'ஈஸ்' என்ற இணையதளம். முதல் இரண்டும் 'ஈஸ்' தளத்தோடு பேசிக்கொள்வதில்லை. பட்டியலில் ஒரு சந்திப்பைத் தட்டினால் அதன் குறிப்பைக் கேட்கும் படிவம் திறக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். தேதி, பெயர், பதிவு எண் எல்லாவற்றையும் நீங்களே எடுத்து எழுதிக்கொண்டு அடுத்த தளத்துக்குப் போக வேண்டும்.

பதிவேடும் பட்டியலும்

பதிவேட்டில் 12,000-க்கும் மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரந்தர அடையாள எண்: ஒரு நீண்ட எண், ஒரு கோடு, இரண்டு இலக்கம். பெயரை விட்டுவிட்டு இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அமைப்புகள் பெயரை மாற்றிக்கொள்வதும், ஒரே குழுமத்தின் நாலு கிளைகள் நாலு பெயரில் இருப்பதும் சாதாரணம். பக்கத்துக்குள் போனால் ஆண்டுக்கு லாபிக்காக எவ்வளவு செலவு, எத்தனை பேர் அந்த வேலையில், எந்தெந்தச் சட்ட முன்மொழிவைக் கவனிக்கிறார்கள், லாபி ஆலோசனை நிறுவனம் என்றால் வாடிக்கையாளர் யார் யார் என்ற விவரங்கள் கிடைக்கும். ஆணையத்துடன் நடந்த சந்திப்புகளின் பட்டியலும் அங்கேயே இருக்கும்.

செலவுக் கணக்கு அவர்களே சொல்வது. சரியான தொகையாக இல்லாமல் இத்தனைக்கும் இத்தனைக்கும் இடையில் என்று வரம்பாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதை வைத்து 'இந்த நிறுவனம் அதைவிட இரு மடங்கு செலவழித்தது' என்று எழுதிவிடாதீர்கள். ஒரு வருடக் கணக்கை இன்னொரு வருடக் கணக்கோடு ஒப்பிடப் பதிவேட்டில் வசதி குறைவு. அதற்கு 'லாபிஃபேக்ட்ஸ்' தளம் மேல். பழைய பதிவுகளைச் சேமித்து வைத்து வரிசையாகக் காட்டுகிறது. சந்திப்புகளை ஆணையர் வாரியாக, தலைப்பு வாரியாகத் துழாவ டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனலின் 'இன்டெக்ரிட்டி வாட்ச்' தளம் அரசுத் தளத்தைவிடச் சுலபம்.

சந்திப்புப் பட்டியல் 2014 டிசம்பர் 1 முதல் கட்டாயம். ஆணையர்கள், அவர்களின் தனி அலுவலக உறுப்பினர்கள், தலைமை இயக்குநர்கள் ஆகியோர் சந்திப்பு நடந்த இரண்டு வாரத்துக்குள் தேதி, இடம், அமைப்பின் பெயர், பேசிய பொருள் ஆகியவற்றைப் போட வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. சட்ட வரைவை உண்மையில் எழுதுவது பிரிவுத் தலைவர்களும் இயக்குநர்களும். அவர்களின் சந்திப்புகள் கணக்கில் வரவில்லை. விவரம் தெரிந்த லாபிக்காரர் ஆணையரிடம் போய்க் கைகுலுக்கிவிட்டு, வேலையைப் பிரிவுத் தலைவரிடம் முடித்துக்கொள்வார். 2025 ஜனவரி 1 முதல் நிர்வாகப் பொறுப்பில் உள்ள எல்லோருக்கும் விதி விரிந்தது. சந்திப்புக் குறிப்பையும் வெளியிட வேண்டும் என்று சேர்ந்தது. இந்தச் சேவையில் சமீப காலத்தில் நடந்த உருப்படியான முன்னேற்றம் இதுதான். ஆனாலும் வெளியாகும் குறிப்பில் நாலைந்து வரிதான் இருந்தால் அதோடு திருப்திப்படாதீர்கள். சந்திப்புக்கு முன் தயாரித்த காகிதங்களும் அதையொட்டிய மின்னஞ்சல்களும் இன்னும் மனுப் போட்டால்தான் வரும்.

பட்டியலில் வராதவை என்னென்ன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சந்திப்புப் பட்டியலைக் கட்டாயமாக்கிய 2014-ஆம் ஆண்டின் ஆணைய உத்தரவிலேயே தற்செயலாக நடந்த சந்திப்பு, முற்றிலும் தனிப்பட்ட அல்லது சமூக நிகழ்வு ஆகியவை விலக்கப்பட்டிருந்தன. மாநாட்டு இடைவேளையில் காபிக் கோப்பையோடு நடந்த பேச்சு எதில் சேரும் என்பதை அதிகாரியே தீர்மானிக்கிறார். 'பேசிய பொருள்' என்ற கட்டத்தில் 'கருத்துப் பரிமாற்றம்', 'டிஜிட்டல் கொள்கை' என்று இரண்டு சொல் போட்டுவிட்டு நகர்கிறவர்களும் நிறைய. இப்படிப்பட்ட பதிவுகளையே முதலில் எடுத்து மனுப் போடுவது நல்லது. தலைப்பு மங்கலாக இருக்கும் இடத்தில் உள்ளே சரக்கு இருக்க வாய்ப்பு அதிகம்.

ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் கதை தனி. 2022 டிசம்பரில் கத்தார் லஞ்ச விவகாரம் வெடித்த பிறகு விதிகள் இறுகின. 2023 நவம்பர் முதல் எல்லா உறுப்பினர்களும் லாபி அமைப்புகளோடும் வெளிநாட்டு அரசுப் பிரதிநிதிகளோடும் நடக்கும் சந்திப்புகளை வெளியிட வேண்டும். தனி உறுப்பினர் ஒருவர் தன் கையில் வைத்திருக்கும் காகிதத்தை ஆவண உரிமை மனுவால் எடுப்பது மிகக் கடினம். அங்கே நேரம் செலவழிப்பதைவிட ஆணையத்தில் கேட்பது பலன் தரும்.

மனு

சட்ட அடிப்படை 2001-ஆம் ஆண்டின் 1049 எண் ஒழுங்குமுறை. மனு எழுத்து வடிவில் இருந்தால் போதும். 'ஈஸ்' தளத்தில் போட 'இயூ லாகின்' என்ற கணக்கு வேண்டும். கணக்குத் திறக்க மின்னஞ்சல் முகவரி போதும். கணக்கு வேண்டாம் என்பவர்கள் 'ஆஸ்க் தி இயூ' தளம் வழியாக அனுப்பலாம். இதை ஆக்சஸ் இன்ஃபோ யூரோப் அமைப்பு 2011-இல் தொடங்கியது. உங்கள் மனுவும் ஆணையத்தின் பதிலும் அப்படியே பொதுவில் பதிவாகும். இது பலமும் பலவீனமும். முன்னால் யாரோ கேட்டு வாங்கியதை நீங்கள் இலவசமாகப் படிக்கலாம். அதே சமயம் நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்பதை லாபி அமைப்பும் படிக்கும். வெளியிடும் வரை ரகசியமாக இருக்க வேண்டிய புலனாய்வு என்றால் 'ஈஸ்' வழியே போங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் 'ஆஸ்க் தி இயூ' மேல். எதைக் கேட்பதற்கு முன்னும் அங்கே ஒரு தேடல் போடுங்கள். பாதி நேரம் வேலை அங்கேயே முடிந்துவிடும். ஒரு தொல்லை: 2014-இல் ஆணையம் இந்தத் தளம் வழியாக வருபவர்களிடம் அஞ்சல் முகவரி கேட்கத் தொடங்கியது. அப்படிக் கேட்டு வந்தால் வாதம் பண்ணாமல், பொதுப் பக்கத்தில் போடாமல், தனி மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். வாதம் நியாயமானதுதான், ஆனால் நாள் உங்களுக்குத்தான் போகும்.

ஒன்றியத்தின் 24 அலுவல் மொழிகளில் எதிலும் எழுதலாம், தமிழில் முடியாது. ஆங்கிலம் போதும்.

மனுவின் வாசகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 'இந்த நிறுவனத்துக்கும் ஆணையத்துக்கும் நடந்த எல்லாத் தொடர்புகளும்' என்று கேட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். போதுமான துல்லியம் இல்லை என்று விளக்கம் கேட்பார்கள். விளக்கம் தரும்வரை கடிகாரம் ஓடாது. அல்லது, 'உங்கள் மனுவில் பல நூறு ஆவணங்கள் வருகின்றன, நியாயமான தீர்வு காண்போம்' என்று ஒரு கடிதம் வரும். நியாயமான தீர்வு என்பது 6-ஆம் பிரிவில் உள்ள சொல்; நடைமுறையில் உங்கள் பட்டியலைச் சுருக்கு என்று பொருள். அதற்கு முன்பே நீங்களே சுருக்கிவிடுவது புத்திசாலித்தனம்.

வேலை செய்யும் வாசகம் இப்படி இருக்கும்: இன்ன தேதியில், இன்ன ஆணையரின் அலுவலகத்துக்கும் இன்ன பதிவு எண் கொண்ட அமைப்புக்கும் நடந்த, உங்கள் சந்திப்புப் பட்டியலில் உள்ள சந்திப்பு தொடர்பாக, (அ) அதற்கு முன் ஆணையருக்காகத் தயாரித்த விளக்கக் குறிப்பும் பேச்சுக் குறிப்பும், (ஆ) சந்திப்புக்குப் பின் எழுதிய குறிப்பு, அறிக்கை, மின்னஞ்சல் எதுவானாலும், (இ) சந்திப்பு கேட்டு அந்த அமைப்பு எழுதிய கடிதமும் அதற்கான பதிலும், (ஈ) அவர்கள் கொடுத்த அல்லது பின்னர் அனுப்பிய படவிளக்கம், நிலைப்பாட்டு அறிக்கை, திருத்த வரைவு, எல்லா இணைப்புகளோடும். கடைசியாக ஒரு வரி: இந்த மனுவுக்கு உட்பட்டதாக நீங்கள் கண்டறிந்த ஆவணங்களின் பட்டியலையும் தரவும். இந்த வரியை விடவே கூடாது. பட்டியல் இருந்தால்தான் எதை மறைத்தார்கள் என்று தெரியும்.

இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. 'மினிட்ஸ்' (முறையான கூட்டக் குறிப்பு) என்று மட்டும் கேட்டால் 'மினிட்ஸ் எடுக்கப்படவில்லை' என்று நேர்மையாகவே பதில் வரும். அதே சந்திப்பைப் பற்றி ஒரு அதிகாரி தன் தலைவருக்கு எழுதிய ஒரு பக்க அறிக்கை வேறு பெயரில் தூங்கிக்கொண்டிருக்கும். அவர்களுக்குள் அதை 'பிடிஓ' என்பார்கள், அலுவலகம் திரும்பியதும் எழுதும் குறிப்பு. அந்தப் பெயரையும் மனுவில் போடுங்கள். விளக்கக் குறிப்பு அதைவிட முக்கியம். ஆணையர் ஒருவரைச் சந்திக்கும் முன் கீழ் அதிகாரிகள் எழுதித் தருவது அது. வருகிறவர் யார், அவர் என்ன கேட்பார், நாம் என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். சந்திப்பில் உண்மையில் என்ன பேசினார்கள் என்பதற்கு அது சாட்சி அல்ல. லாபி அமைப்பு என்ன கேட்கப் போகிறது என்று ஆணையம் எதிர்பார்த்தது என்பதற்குச் சாட்சி. எழுதும்போது இந்த வேறுபாட்டைக் காப்பாற்றுங்கள்.

தேதியும் முக்கியம். ஆணையத்தின் 'ஏரஸ்' என்ற ஆவணப் பதிவு முறையில் முக்கியமான காகிதங்கள் எண்ணோடு ஏறும். ஏறாத மின்னஞ்சல்கள் ஆறு மாதத்தில் தானாக நீங்கிவிடும். ஆகவே சந்திப்புப் பட்டியலில் பெயர் ஏறிய அதே மாதத்தில் மனு போக வேண்டும். ஒரு வருடம் கழித்து ஆராய்ச்சி செய்பவருக்கு ஏரஸில் ஏறியது மட்டும்தான். எதை ஏற்றுவது என்பதையும் அதிகாரியே முடிவு செய்கிறார். ஏரஸ் எண்ணோடு ஒரு காகிதம் கையில் கிடைத்தால் அடுத்த மனுவில் அந்த எண்ணைக் குறிப்பிட்டு, 'இதற்கு வந்த பதில், இதில் சொல்லப்பட்ட இணைப்புகள்' என்று கேளுங்கள். துல்லியம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நாள் கணக்கு

பதிவான நாளிலிருந்து 15 வேலை நாள். ஆவணம் நீளமாகவோ ஏராளமாகவோ இருந்தால் இன்னொரு 15. சட்டம் இதை விதிவிலக்கு என்கிறது; லாபி சந்திப்பு மனுக்களில் இது கிட்டத்தட்ட வழக்கம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 30 நாள் காலண்டர் நாள். இங்கே சனி, ஞாயிறு கழியும். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையே ஆணையம் மூடியிருக்கும் நாட்களும் கழியும். டிசம்பர் நடுவில் அனுப்பிவிட்டு ஜனவரி முதல் வாரம் பதிலை எதிர்பார்ப்பது வீண்.

கிடைத்தது போதவில்லை என்றால், அல்லது கெடுவுக்குள் பதிலே வரவில்லை என்றால், 'உறுதிப்படுத்தும் மனு' போடலாம். மறுப்பு வந்த நாளிலிருந்து 15 வேலை நாளுக்குள். நம் முதல் மேல்முறையீடு மாதிரிதான், ஒரு வேறுபாடு: கேட்பது முதலில் பதில் தந்த அதே இயக்குநரகம் (துறை) அல்ல, ஆணையத்தின் தலைமைச் செயலகம். அங்கே சட்ட அறிவு அதிகம், இயக்குநரகத்தின் கூச்சம் குறைவு. முதலில் மறைத்ததில் ஒரு பகுதி இங்கே திறக்கும். அவர்களுக்கும் 15, தேவைப்பட்டால் இன்னும் 15 வேலை நாள்.

காகிதத்தில் கூட்டிப் பார்த்தால் மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்துவிட வேண்டும். நடப்பது வேறு. உறுதிப்படுத்தும் மனுக்களில் கெடு தாண்டிப் போவதைத் தனியாக விசாரித்த ஐரோப்பிய ஆம்புட்ஸ்மன் (ஒன்றிய நிர்வாகத்தின் மீதான புகார்களை விசாரிப்பவர்), 2023-இல் நாடாளுமன்றத்துக்குச் சிறப்பு அறிக்கையே அனுப்பினார். கெடு தாண்டினால் 'வருந்துகிறோம், இன்னும் ஆலோசனை முடியவில்லை' என்ற கடிதம் வரும்; சில நேரம் அதே கடிதம் மறுபடியும் வரும். நம் சட்டத்தில் தாமதிக்கும் அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் என்று ஒரு பயமாவது எழுதி வைத்திருக்கிறது. இங்கே அதற்கு இணையாக ஒன்றும் இல்லை. கெடு முடிந்தால் சட்டப்படி அது மறுப்பு, அவ்வளவுதான். இந்தச் சேவைக்கு மதிப்பெண் குறைப்பது என்றால் முதலில் இங்கேதான் குறைப்போம். சட்ட வரைவு நாடாளுமன்றத்தில் இருக்கும்போது கேட்ட காகிதம், அது நிறைவேறிய பிறகு கைக்கு வந்து என்ன பயன்?

கருப்புக் கட்டங்களைப் படிப்பது

கடைசியில் ஒரு பிடிஎஃப் வரும். ஒரு மின்னஞ்சல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். அனுப்புநர் பெயர் கருப்பு, பெறுநர் பெயர் கருப்பு, கையொப்பம் கருப்பு. ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் ஒழுங்குமுறையின் எந்த விதிவிலக்கைக் காட்டி மறைத்தார்கள் என்று சின்னதாக எழுதியிருக்கும். 4(1)(பி) என்றால் தனிநபர் விவரம். 4(2) முதல் வரி என்றால் வணிக நலன். 4(3) என்றால் முடிவெடுக்கும் நடைமுறை. 4(1)(ஏ) என்றால் பெரும்பாலும் சர்வதேச உறவு. எந்த எண் என்பதைப் பொறுத்தே அடுத்த அடி. எண் போடாத கட்டம் இருந்தால் அதுவே உறுதிப்படுத்தும் மனுவுக்கு முதல் காரணம்.

பெயர் மறைப்பில் சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். இதற்கு ஒரு பீர் வழக்கே முன்மாதிரி. பிரிட்டனின் மதுக்கூடங்களில் ஜெர்மன் பாட்டில் பீர் விற்க 1992-இல் தொடங்கிய பவேரியன் லாகர் நிறுவனம், அங்கத்திய விதிகள் தன்னைத் தடுக்கின்றன என்று ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 1996 அக்டோபர் 11 அன்று ஆணைய அதிகாரிகள், பிரிட்டிஷ் அரசு அதிகாரிகள், பீர் தயாரிப்பாளர் சங்கத்தின் பிரதிநிதிகள் கூடிப் பேசினார்கள். புகார் கொடுத்தவரை உள்ளே விடவில்லை. கூட்டக் குறிப்பைக் கேட்டபோது ஐந்து பேரின் பெயரை மறைத்துக் கொடுத்தார்கள். இருவர் சம்மதிக்கவில்லை, மூவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்றார்கள். 2007-இல் கீழ் நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகச் சொன்னது. 2010 ஜூன் 29-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது: பெயர் ஏன் அவசியம் என்று கேட்பவர் நிரூபிக்க வேண்டும். அதற்குள் அந்தக் கூட்டம் நடந்து பதினான்கு ஆண்டு ஆகப் போயிருந்தது.

ஆகவே பெயர் வேண்டும் என்றால் அவசியத்தைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டாம் என்ற பொது விதிக்கு இந்த ஒரு மூலையில் விலக்கு. 'பொதுமக்களுக்குத் தெரிய வேண்டும்' என்பது போதாது. இன்னார் முன்பு ஆணையத்தில் வேலை பார்த்துவிட்டு லாபிக்குப் போனவரா என்று சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்பது போலக் குறிப்பாக இருக்க வேண்டும். பெயர் தேவையில்லை, பதவி போதும் என்றால் அப்படியே எழுதுங்கள்: பெயரை மறைத்தாலும் பதவியையும் அமைப்பையும் விடுங்கள் என்று. பல நேரம் ஒப்புக்கொள்வார்கள். ஆணையர்கள், அவர்களின் அலுவலக உறுப்பினர்கள், மூத்த நிர்வாகிகள் ஆகியோரின் பெயரை ஆணையமே வழக்கமாக மறைப்பதில்லை. மறைத்திருந்தால் சுட்டிக்காட்டினால் திறந்துவிடும்.

வணிக நலன் என்ற மறைப்பில் சண்டை போடலாம், போட வேண்டும். இங்கே நடப்பது இது: ஆணையம் அந்த லாபி அமைப்பிடமே 'உங்கள் கடிதத்தை வெளியிடலாமா' என்று கேட்கும், பதில் சொல்லக் குறைந்தது ஐந்து வேலை நாள் தரும். அவர்கள் வேண்டாம் என்பார்கள். ஆனால் அவர்களின் 'வேண்டாம்' ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. சட்டத்தை எப்படித் திருத்த வேண்டும் என்று ஒரு சங்கம் எழுதும் வாதத்தில் வணிக ரகசியம் என்ன இருக்கிறது? விலை, உற்பத்தி அளவு, இன்னும் சந்தைக்கு வராத பொருள் இருந்தால் அதை மட்டும் மறைக்கலாம். 4(6) பிரிவு பகுதியளவாவது கொடு என்கிறது. இந்த இரண்டு வரியையும் உறுதிப்படுத்தும் மனுவில் போட்டால் பலன் இருக்கிறது. எங்கள் மதிப்பீட்டில் இந்தச் சேவையில் கிடைக்கும் சிறந்த சரக்கே லாபி அமைப்புகள் அனுப்பிய கடிதங்களும் திருத்த வரைவுகளும்தான். ஆணையத்தின் சொந்தக் குறிப்புகள் சவசவ என்றிருக்கும். லாபிக்காரர் கடிதத்தில் என்ன வேண்டும் என்பது பிரிவு எண்ணோடு இருக்கும். அதைச் சட்டத்தின் இறுதி வாசகத்தோடு பக்கத்தில் வைத்துப் படித்தால் வேறு விளக்கம் தேவைப்படாது.

ஒரு சின்ன வேலை, பலரும் செய்யாமல் விடுவது. மின்னஞ்சலின் தலைப் பகுதியில் இணைப்புகளின் பெயர்கள் இருக்கும். மூன்று பெயர் இருந்து, உங்களுக்கு வந்த கோப்பில் ஒன்றே இருந்தால், மற்ற இரண்டும் கண்டறியப்படவே இல்லை என்று பொருள். அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

வர்த்தக ஒப்பந்தப் பேச்சு பற்றிய காகிதம் என்றால் எதிர்பார்ப்பைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். இந்தியாவே இதற்கு உதாரணம். 2007-இல் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றிய–இந்தியத் தடையற்ற வர்த்தகப் பேச்சு குறித்த ஆவணங்களைச் சந்தை நுழைவு ஆலோசனைக் குழுவில் உட்காரும் தொழில் சங்கங்களுக்கு ஆணையம் கொடுத்திருந்தது. லாபியைக் கண்காணிக்கும் கார்ப்பரேட் யூரோப் அப்சர்வேட்டரி என்ற அமைப்பு 2009-இல் அவற்றைக் கேட்டபோது சில பகுதிகளை மறைத்தே கொடுத்தார்கள். தொழிலதிபர்கள் படித்த பிறகு என்ன ரகசியம் என்பது அந்தக் கண்காணிப்பு அமைப்பின் வாதம். 2013 ஜூன் 7-இல் ஒன்றியத்தின் கீழ் நீதிமன்றமான பொது நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2015 ஜூன் 4-இல் மேல்முறையீடும் தள்ளுபடி. சர்வதேச உறவு என்ற விதிவிலக்கில் பொதுநலனைக் காட்டி வெல்ல வழியே இல்லை. மேலே சொன்ன நான்கு எண்களில் வணிக நலன், முடிவெடுக்கும் நடைமுறை ஆகிய இரண்டிலும் மட்டும்தான் அந்த வழி உண்டு. சென்னையிலிருந்து வர்த்தக ஒப்பந்தம் பற்றிக் கேட்க நினைப்பவர்கள் பேச்சுவார்த்தை நிலைப்பாட்டை விட்டுவிட்டு, மருந்து நிறுவனச் சங்கமும் கார் தயாரிப்பாளர் சங்கமும் எழுதிய கடிதங்களை மட்டும் கேட்பது நல்லது. அவை வர வாய்ப்பு அதிகம்.

'இல்லை' என்ற பதில்

கருப்பு மையைவிட மோசமானது இதுதான். இல்லாததை உருவாக்கிக் கொடுக்கும் கடமை ஆணையத்துக்கு இல்லை. ஆவணம் இல்லை என்று சொன்னால் அது உண்மை என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நீதிமன்ற வழக்கம். ஆனால் 2025 மே 14-இல் வந்த தீர்ப்பு இதில் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. கோவிட் தடுப்பூசிக் கொள்முதல் காலத்தில் ஆணையத் தலைவர் உர்சுலா ஃபொன் டெர் லேயனும் ஃபைசர் தலைவர் ஆல்பர்ட் பூர்லாவும் பரிமாறிய குறுஞ்செய்திகளை நியூயார்க் டைம்ஸ் கேட்டது. ஆணையம் தன்னிடம் இல்லை என்றது. அப்படிச் செய்தி பரிமாறியதற்கு வெளி ஆதாரம் இருந்தால், வெறுமனே இல்லை என்பது போதாது, எங்கே எப்படித் தேடினீர்கள், அழிந்தது என்றால் எப்போது ஏன் என்று நம்பும்படி விளக்க வேண்டும் என்று பொது நீதிமன்றம் சொல்லி மறுப்பை ரத்து செய்தது.

நடைமுறையில் இதற்குப் பொருள்: மனுப் போடும் முன் வெளி ஆதாரம் சேர்த்து வையுங்கள். லாபி அமைப்பின் செய்திமடல், சந்திப்பில் எடுத்து லிங்க்ட்இன்னில் போட்ட புகைப்படம், 'இன்று ஆணையரிடம் எங்கள் அறிக்கையைக் கொடுத்தோம்' என்ற பதிவு. லாபிக்காரர்களுக்குத் தங்கள் சந்திப்பை விளம்பரப்படுத்தாமல் இருக்க முடியாது. உறுப்பினர்களுக்குச் சந்தா நியாயம் காட்ட வேண்டுமே. திரைப்பிடிப்பு எடுத்து உறுதிப்படுத்தும் மனுவோடு இணைத்தால், 'இல்லை' என்ற கடிதம் அப்படியே திரும்பி வருவது கடினம். குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் எல்லாவற்றையும் மனுவில் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒழுங்குமுறையில் ஆவணம் என்பது எந்த வடிவில் இருந்தாலும் ஆவணம்தான்.

ஒப்பிட ஒன்று: அயர்லாந்து 2015 செப்டம்பரிலிருந்து பாரத்தை லாபிக்காரர் தலையில் போட்டிருக்கிறது. யாரிடம் பேசினோம், எதைப் பற்றி, என்ன முடிவை எதிர்பார்த்தோம் என்று அவர்களே நான்கு மாதத்துக்கு ஒரு முறை, காலம் முடிந்த 21 நாளுக்குள் பதிய வேண்டும். மனுவே தேவையில்லாமல் பாதி விவரம் கிடைக்கும். காகிதம் கிடைக்காது, ஆனால் எந்தக் காகிதத்தைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஐரிஷ் கிளை உள்ள பெரிய டெக் நிறுவனங்களைப் பற்றி பிரஸ்ஸல்ஸில் கேட்கும் முன் அந்தப் பதிவேட்டை ஒரு முறை புரட்டலாம். இந்தியாவில் இப்படி லாபிப் பதிவேடே இல்லாததால், இந்திய அமைச்சகத்தைச் சந்தித்த ஐரோப்பியச் சங்கத்தின் நிலைப்பாட்டைத் தெரிந்துகொள்ளக்கூட பிரஸ்ஸல்ஸ் பக்கம் மனுப் போடுவது சில நேரம் சுலபமாக இருக்கிறது.

தலைமைச் செயலகமும் கைவிரித்தால் இரண்டு வழி. நீதிமன்றம் என்றால் இரண்டு மாதக் கெடு, உறுப்பு நாடு ஒன்றில் வாதாட உரிமை உள்ள வழக்கறிஞர், சில வருடம். ஆம்புட்ஸ்மன் என்றால் செலவு இல்லை, வழக்கறிஞர் வேண்டாம். ஆவண மறுப்புப் புகார்களுக்கு 2018-இலிருந்து விரைவு வழியும் வைத்திருக்கிறார்கள், 40 வேலை நாளில் முடிவு என்பது இலக்கு. அவர் சொல்வது ஆணையத்தைக் கட்டாயப்படுத்தாது. ஆனால் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்திலிருந்து கோப்பைப் பார்க்க வேண்டும் என்று கடிதம் போனதும் நகரும் காகிதங்கள் உண்டு.

ஆம்புட்ஸ்மன் வழி ஒன்றியக் குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் மட்டும். ஆவணம் கேட்கும் உரிமையை ஆணையம் எல்லா நாட்டவருக்கும் தந்திருந்தாலும், வெளியே வசிக்கும் பிற நாட்டவர் ஆம்புட்ஸ்மனிடம் போக முடியாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மட்டுமல்ல, லண்டனுக்கும் சூரிச்சுக்கும் ஓஸ்லோவுக்கும் இதே நிலைதான். பாரிஸிலோ பெர்லினிலோ வசிக்கும் அண்ணனோ அத்தானோ இருந்தால் முதல் மனுவே அவர் பெயரில் போகட்டும். மறுப்பு வந்த பிறகு பெயரை மாற்றினால், அது புது மனு. 15 வேலை நாள் மறுபடி முதலிலிருந்து ஓடும்.